ஒரே சீட்டில் இருவருக்கு மாத்திரை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம். உன் அம்மாவும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்துகொண்டு படி. பயப்படும்படி இன்றைக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை, அம்மா பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள், நான் குடிநீர் அலுவலகத்துக்குப் புகார் எழுதுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். தெருவைத் தோண்டிக் குழாயை மாற்றுகிறோம் என்று பதினோரு நாளாகப் பள்ளத்தைத் திறந்து போட்டிருக்கிறார்கள், அந்தப் புகாரும் எழுத வேண்டியதுதான், ஆனால் இது அது இல்லை. கடைசி வரை படி. போன ஞாயிற்றுக்கிழமை போனைப் பாதியில் வைத்த மாதிரி இதையும் பாதியில் மடித்து வைத்துவிடாதே.

அன்றைக்கு நீ கேட்டதை நான் அப்படியே வைத்திருக்கிறேன். "அம்மா என்ன உங்க வீட்டு வேலைக்காரியாப்பா? முப்பத்தஞ்சு வருஷமா நீங்க வேணாம்னா வேணாம், வேணும்னா வேணும். என் பிரசவத்துக்குக்கூட அனுப்ப மாட்டீங்கன்னா நீங்கள்லாம் எதுக்கு?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். நான் சொன்னதெல்லாம் "அம்மா வர மாட்டா" என்பதுதான். காரணம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று உனக்குத் தோன்றவே இல்லை, அப்பன் என்றால் முரடன், முரடனுக்குக் காரணம் எதற்கு என்று முடிவு செய்துவிட்டாய். நான் பேசும்போது உன் அம்மா என் எதிரில் நின்று, உதட்டில் விரலை வைத்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள். அந்த வாக்கை இப்போது இந்தத் தாளில் உடைக்கிறேன். ரிப்போர்ட்டின் நகலும் இதே உறையில் இருக்கிறது, அப்பா கதை கட்டுகிறார் என்று நீ சொல்ல முடியாதபடி.

முதலிலிருந்து எழுதுகிறேன். நான்கு மாதம் முன்பு நீ எதையோ படித்துவிட்டு ஆரம்பித்தாய். பல வருடமாகச் சர்க்கரை இருப்பவர்களுக்கு நெஞ்சு வலியே வராமல் இதயம் கெட்டுக்கொண்டிருக்கலாம், இ.சி.ஜி. நன்றாக வந்தாலும் அதை மட்டும் நம்பக்கூடாது, எக்கோ எடுங்கள், வயிற்றில் பிள்ளையைப் பார்க்கிற அதே ஒலி அலைதான், ஊசியும் இல்லை ஒன்றும் இல்லை, இதயம் வேலை செய்வதையே திரையில் பார்க்கலாம் என்று வாரம் ஒரு முறை சொன்னாய். நான் வாரம் ஒரு முறை வேண்டாம் என்றேன். பத்தொன்பது வருடமாக எனக்குச் சர்க்கரை, ஒரு வேளை மாத்திரை தவறியதில்லை, விரலில் குத்திய ஒவ்வொரு முறையும் நோட்டில் இருக்கிறது, இந்த வயதிலும் ஐந்து மாடி ஏறிப் போய் மோட்டார் பழுது பார்த்துவிட்டு வருகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன்தான், ஆனால் நூலகத்தில் சர்க்கரை பற்றி இருக்கும் ஏழு புத்தகங்களையும் படித்தவன், அந்த நூலகரே எனக்குப் பிறகு அவற்றை யாரும் எடுக்கவில்லை என்றார். எனக்கு எதற்கு எக்கோ என்று கேட்டேன். நீ வெளிநாட்டில் இருந்தபடியே என் பெயரில் நாளும் நேரமும் வாங்கிவிட்டாய். என் பெயரில். இதை நினைவில் வைத்துக்கொள். உன் அம்மாதான் கெஞ்சினாள், "பொண்ணு மனசு நோக வேண்டாங்க, போய்க் காட்டிட்டு வந்துடலாம், ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா அவ வாய் தானா அடைஞ்சிடும்" என்று. அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் கிளம்பினேன்.

அந்த இடம் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. லிஃப்டில் பழுது என்று அட்டை தொங்கியது. நான் நிற்காமல் ஏறிவிட்டேன், நிற்காமல் ஏறுவதை யாராவது பார்க்கட்டும் என்றும் இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பெயரைக் கொடுத்தேன், ஃபைல் எங்கே என்றார்கள், ஃபைல் உன் அம்மா கையில். ஆளைக் காணோம். சுவரில் ஒட்டியிருந்ததை எல்லாம் படித்து முடித்தேன், அப்போதும் காணோம். படிக்கட்டுக்கு வந்து கீழே பார்த்துக் கத்தினேன், "என்ன, ஒவ்வொரு படியா எண்ணிக்கிட்டு வர்றியா?" காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இரண்டாவது மாடித் திருப்பத்தில் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். மடியில் ஃபைல். என்னைப் பார்த்ததும் பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி துழாவி, "கண்ணாடிய எங்க வெச்சேன்னு பாக்குறேன்" என்றாள். கண்ணாடி அவள் மூக்கில் இருந்தது.

என் சத்தத்தைக் கேட்டு எக்கோ எடுக்கிற பெண் வெளியே வந்தாள். உன்னைவிட ஒன்றிரண்டு வயது சிறியவளாக இருப்பாள். என்னைக் கவனிக்கவே இல்லை, நேராக இறங்கிப் போய் அம்மா பக்கத்தில் படியில் குந்தினாள். காலைப் பார்த்தாள். செருப்பு வார் இருந்த இடம் மாவில் கயிற்றை அழுத்தின மாதிரி பள்ளமாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்திப் பிடித்து எடுத்தாள், எடுத்த பிறகும் குழி நிறையவில்லை. அந்தக் காலை நான் தினமும் பார்க்கிறேன், நின்று வேலை செய்கிற கால் வீங்கத்தான் செய்யும் என்று நினைத்தேன். "எத்தன தலகாணி வெச்சுத் தூங்குறீங்கம்மா?" என்று கேட்டாள். உன் அம்மா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "மூணு" என்றாள். எப்போதிலிருந்து என்றாள். "ஒரு வருஷம் இருக்கும். அவர் குறட்டை விடுவாரு, ஒசரமாப் படுத்தா சத்தம் கம்மியாத் தெரியும்." காத்திருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். ஒரு வருடமாக என்னிடமும் அதையேதான் சொன்னாள், நானும் நம்பினேன், என் குறட்டைக்கு மூன்று தலையணை என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. தட்டையாகப் படுத்தால் அவளுக்கு மூச்சு முட்டுகிறது என்பது அந்தப் பெண்ணுக்குப் படிக்கட்டிலேயே தெரிந்துவிட்டது.

எழுந்து வந்து, "ஐயா, உங்களுக்கு அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல அம்மா" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். பெயர் என் பெயர், நேரம் என் நேரம், என் மகள் எனக்குத்தான் வாங்கியிருக்கிறாள் என்றேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "உங்க பொண்ணு இப்ப இந்தப் படியில நின்னிருந்தா யாரை உள்ள கூட்டிட்டுப் போயிருப்பாங்க?" என்று கேட்டாள். நான் "பாரும்மா, நல்லாப் பாரு, ஒண்ணும் இல்லன்னு வந்தா நீ எனக்குப் பதில் சொல்லணும்" என்றேன். "சொல்றேன்யா" என்று சொல்லிவிட்டு அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு போனாள், ஒரு படிக்கு ஒரு மூச்சு என்று நின்று நின்று.

என்னையும் உள்ளே விட்டார்கள். இருட்டறை, ஒரு கட்டில், ஒரு திரை. அம்மாவை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கையைத் தலைக்கு மேல் மடித்து வைத்து, நெஞ்சில் பசை தடவி ஒரு சின்னக் குழவி மாதிரி இருப்பதை வைத்து அழுத்தினாள். நாற்காலி கொடுத்தார்கள், நான் உட்காரவில்லை. திரையில் சாம்பல் நிறத்தில் நான்கு அறைகள், நடுவே கதவுகள், திறந்து மூடித் திறந்து மூடி. ஒரு பொத்தானை அழுத்தினால் ரத்தம் ஓடுவது சிவப்பும் நீலமுமாகத் தெரிந்தது, குழாயில் அடைப்பு எடுத்ததும் தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டது. என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல பம்ப்பை நான் பார்த்ததில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பெண் படத்தை நிறுத்திக் கோடு போட்டு அளந்தாள். இதயம் ஒவ்வொரு முறையும் எவ்வளவு தள்ளுகிறது என்று கேட்டேன். அறுபது சதவீதம், அது சரியான அளவுதான் என்றாள். நான் உடனே உன் அம்மாவிடம், "பாத்தியா, ஒண்ணும் இல்ல, மூச்சு வாங்கறதெல்லாம் உடம்ப வளத்து வெச்சதுதான்" என்றேன். அவள் படுத்தபடியே, "அப்பாடா" என்றாள். அந்தப் பெண் கையை எடுக்கவில்லை. கதவு திறந்து ரத்தம் உள்ளே இறங்குகிற இடத்தில் குழவியை வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொன்னாள், விடச் சொன்னாள், மறுபடி பிடிக்கச் சொன்னாள். திரையில் மேடு மேடாகக் கோடுகள் வந்தன, அவற்றையே திரும்பத் திரும்ப அளந்தாள். அதுவரை "பொண்ணு எங்க இருக்கா, எத்தனாவது மாசம்" என்று பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நானும் மோட்டாரைத் திறந்து கெட்ட இடத்துக்கு வந்ததும் பேச்சை நிறுத்துகிறவன்தான்.

பிறகு இதய டாக்டர் சொன்னது இது. தள்ளுகிற பலம் இருக்கிறது, விரிகிற தன்மை போய்விட்டது. வருடக்கணக்கில் சர்க்கரை அதிகமாக இருந்ததில் இதயத்தின் தசை இறுகியிருக்கிறது, சுவர் தடித்திருக்கிறது. அது சரியாகத் தளர்ந்து ரத்தத்தை உள்ளே வாங்காததால் பின்னால் இருக்கிற அறை வீங்கி, அதற்கும் பின்னால் நுரையீரலில் நீர் தேங்குகிறது. இ.சி.ஜி. மின்சாரத்தைத்தான் காட்டும், இதைக் காட்டாமலே போகலாம். வலியும் தெரியாது, சர்க்கரை நரம்பையும் மரக்க வைத்துவிடும். நான் அவரிடம் சொன்னேன், ரசாயனத் தொழிற்சாலையில் ரப்பர் தகடு வைத்த பம்ப் உண்டு, ரப்பர் இறுகிப்போனால் தள்ளும்போது தள்ளிவிடும், திரும்பி வரும்போது முழுசாக விரியாது, உள்ளே வர வேண்டியது வரும் குழாயிலேயே தேங்கும், வெளியே போகிற பக்கம் மட்டும் அளந்து பார்த்தால் பம்ப் நன்றாக இருக்கிறது என்றுதான் தோன்றும், அப்படியா என்று. அவர், "இத்தன வருஷத்துல நான் யாருக்கும் இவ்வளவு தெளிவாச் சொன்னதில்லய்யா" என்றார். அந்தப் பாராட்டை நான் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பம்ப் இறுகிவிட்டதைத் தொழிற்சாலை வாசலில் நின்று சத்தத்தை வைத்தே சொல்லியிருக்கிறேன்.

அடுத்துக் கேட்டார், அம்மாவுக்குச் சர்க்கரை எத்தனை வருடம், யார் பார்க்கிறார்கள், அவர்களுடைய ஃபைல் எங்கே. மேசையில் இருந்தது என் ஃபைல். ஒன்பது வருடம், எங்கள் சர்க்கரை டாக்டர்தான் பார்க்கிறார் என்றேன். கடைசியாக எப்போது பார்த்தார் என்றார். உன் அம்மா, "மொதல்ல ஒரு தடவ பாத்தாருங்க" என்றாள்.

உனக்கு இது தெரியும். தெரிந்தும் நீயும் சிரித்தவள்தான். அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த வருடம் அவளுக்கும் எனக்கும் எண் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது, டாக்டர் இருவருக்கும் ஒரே மாத்திரை எழுதினார். அங்கே போனால் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும், அவளுக்கு முட்டி வலி, எதற்கு இரண்டு பேரும் போய் உட்கார வேண்டும் என்று அடுத்த மாதத்திலிருந்து நான் மட்டும் போனேன். அவளைப் பற்றிக் கேட்டால் "அவளும் என்னை மாதிரிதான் டாக்டர், நல்லா இருக்கா" என்பேன். ஒரே சீட்டு, மருந்துக் கடையில் இரண்டு மடங்கு வாங்குவேன். கடைக்காரர் முதலில் தயங்கினார், "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே உடம்புன்னு வெச்சுக்கங்க" என்றேன். அதிலிருந்து அவர் எங்களுக்கு ஒத்தச்சீட்டு ஜோடி என்று பெயர் வைத்து, உன் அம்மா அதைப் போனில் உன்னிடம் சொல்லி நீங்கள் இருவரும் எவ்வளவு நேரம் சிரித்தீர்கள்? எனக்கு மாத்திரை மாற்றினால் அவளுக்கும் மாற்றினேன், எனக்குக் கூட்டினால் அவளுக்கும் கூட்டினேன். இதய டாக்டர் இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். "உங்க தொழில்ல ஒரு மோட்டாரத் தொறந்து பாத்துட்டு, பக்கத்து மோட்டாரும் இப்படித்தான் இருக்கும்னு மூடிட்டுப் போவீங்களாய்யா?" என்றார். எனக்கும் சொல்ல இருந்தது. அவளைக் காக்க வைக்கக்கூடாது என்றுதான் செய்தேன், அவள் நன்மைக்குத்தான் செய்தேன், இன்றைக்கும் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். என் முறை வந்தபோது எனக்கும் எக்கோ எடுத்தார்கள். வயதுக்கு மிக நன்றாக இருக்கிறது என்றார்கள். இதை உனக்கு எழுதுவதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். அதில் அம்மாவுக்கு ஒரு பத்தி, எனக்கு ஒரு பத்தி, ஒன்பது வருடம். அவள் பத்தியில் நூற்று இருபது, நூற்று முப்பத்தைந்து, நூற்று இருபத்தெட்டு. இந்த எண்ணை வைத்துக்கொண்டு தசை எப்படி இறுகும்? சர்க்கரை பார்க்கிற மீட்டருக்குள் கடைசிச் சில மாதத்து எண்கள் நேரத்தோடு தங்கியிருக்கும் என்று எக்கோ எடுத்த பெண் சொல்லியிருந்தாள். நான் குத்துவது ஆறு மணிக்கு, அம்மா குத்துவது ஏழு மணிக்கு. நேரத்தை வைத்துப் பிரித்து, ஒவ்வொன்றாக நோட்டோடு ஒப்பிட்டேன். மூன்று நாள் ஆயிற்று. என் எண்கள் எல்லாம் சரி. அவளுடையவை, மீட்டரில் இருநூற்று நாற்பது, நோட்டில் நூற்று நாற்பது. மீட்டரில் இருநூற்றுப் பதினேழு, நோட்டில் நூற்றுப் பதினேழு. நூறைக் கழித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். நான் பேனாவோடு உட்கார்ந்து "எத்தன?" என்று கேட்பேன், அவள் மீட்டரைப் பார்த்துப் படிப்பாள், நான் எழுதுவேன். ஏன், எப்போதிலிருந்து இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். "மொதல்லேர்ந்தேதாங்க. எண்ணு ஏறினா அன்னிக்கு முழுக்க நீங்க பேசுற பேச்சத் தாங்க முடியாதுங்க. காலங்காத்தால அந்தப் பேச்சு எதுக்குன்னு கொறச்சுச் சொல்லிட்டேன்" என்றாள். இதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம்கூட இல்லை. மழை வரும் என்று துணியை உள்ளே எடுத்தேன் என்பது போலச் சொன்னாள். என் நோட்டில், என் கையெழுத்தில், ஒன்பது வருடப் பொய். ஏமாற்றப்பட்டவன் நான்தான். ஆனாலும் யாரிடமும் போய் முறையிட முடியாதபடி ஏமாற்றியிருக்கிறாள். இப்போது அவளுக்கென்று தனி நோட்டு, அவளே எழுதுகிறாள், டாக்டரிடம் அவளே காட்டுகிறாள். ஏழு மணிக்கு நான் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன்.

உன்னையும் விடமாட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்கிறாய், என்னிடம் சர்க்கரை எவ்வளவு, நடந்தீர்களா, கால் விரலைப் பார்த்துக்கொள்கிறீர்களா என்று விசாரிக்கிறாய். பிறகு அம்மாவிடம் கொடுங்கள் என்பாய். அவளிடம் பேச்சு முழுக்க என்ன சமைத்தாய், எதைக் கொண்டு வருகிறாய், மாப்பிள்ளை என்ன சொன்னார். ஒரு நாளாவது "உனக்கு எத்தனைம்மா" என்று கேட்டாயா? எக்கோவைப் பற்றி அவ்வளவு படித்தாயே, அந்தப் பக்கத்தில் சர்க்கரை இருக்கிற ஆண்களுக்கு மட்டும் என்று எழுதியிருந்ததா? இந்த வீட்டில் நோயாளி என்றால் அப்பா, அம்மா என்றால் நோயாளிக்குக் கஞ்சி வைக்கிறவள். நான் அப்படி நினைத்தேன், சரி, நான் எட்டாவது. நீ?

இனி விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் நீர் பிரிய ஒரு மாத்திரை, சர்க்கரைக்கும் இதயத்துக்கும் சேர்த்து ஒன்று, உப்பைக் குறைக்க வேண்டும், தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அடைப்பு இருக்கிறதா என்று இன்னொரு சோதனை அடுத்த வாரம். மூன்று மாதம் கழித்து மறுபடி எக்கோ. பயணம் பற்றி நான்தான் கேட்டேன். "பதினாறு மணி நேரம் உக்காந்து போயி, தூக்கம் கெட்டு, கொழந்தையத் தூக்கிக்கிட்டுப் படி ஏறி எறங்கறதெல்லாம் இப்ப நெனைக்கவே வேண்டாம். மருந்து புடிச்சு நீர் வடியட்டும், அப்புறம் பேசுவோம்" என்றார். உனக்கு இன்னும் ஏழு வாரம். ஏழு வாரத்தில் மூன்று மாதம் முடியாது. திரும்பி வரும்போது பேருந்தில்தான் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வாக்கு வாங்கினாள். "அவகிட்ட சொல்லாதீங்க, இந்த நேரத்துல பயந்துடுவா. நான் போய்ட்டு வந்து மருந்து சாப்பிட்டுக்கறேன்" என்றாள், ஏதோ ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்து சாப்பிடுகிற மாதிரி. பெட்டி கட்டில் மேல் திறந்தபடி இருக்கிறது. பழைய பருத்தித் துணியைக் கிழித்துக் குழந்தைக்கு இருபது துண்டு தைத்து வைத்திருக்கிறாள். நான் எடுத்து வெளியே வைத்தால் மறுநாள் உள்ளே இருக்கிறது.

முந்தாநாள் நான் வேலைக்குப் போய்விட்டு வரும்போது கீழ் வீட்டுத் தையல்காரி என்னை நிறுத்தினாள். "ஐயா, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. நீங்க அந்தப் பக்கம் போனதும் அம்மா நாலு கிலோ அரிசியத் துணில சுத்தி நெஞ்சோட அணச்சுக்கிட்டு மாடிப்படி ஏறி எறங்கறாங்க. என்னம்மா இதுன்னா, பேரப்புள்ளைக்கு ஒத்திகைன்னு சிரிக்கிறாங்க. ரெண்டாவது தடவ ஏறும்போது ஒதடு நீலமாயிடுச்சு. நான்தான் புடிச்சு உக்கார வெச்சேன்" என்றாள். நான் மேலே போனபோது உன் அம்மா அரிசியை டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் துணி தோளிலேயே இருந்தது. எனக்குக் கத்த வராத நாள் அது ஒன்றுதான்.

ஆகவே நீ சொல்ல வேண்டும், வராதே என்று. நான் சொன்னால் அவள் காதில் ஏறாது. அவள் அக்காவோடு ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். தையல் கற்றுக்கொள்கிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். நீ அவ்வளவு தூரம் படிக்கப் போவதற்கும் வேண்டாம் என்றேன், அவள்தான் பத்து நாள் என்னோடு பேசாமல் இருந்து உன்னை அனுப்பி வைத்தாள். என் வேண்டாம் தேய்ந்துபோன வாஷர், எவ்வளவு முறுக்கினாலும் ஒழுகும். உன் வாயிலிருந்து அவள் இதுவரை ஒரு வேண்டாமும் கேட்டதில்லை. அதனால் அது பிடிக்கும். உனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். முதல் பிள்ளைக்கு அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று யாருக்குத்தான் இருக்காது? மாப்பிள்ளை நன்றாகச் சமைக்கிறார், வீட்டு வேலை எல்லாம் செய்கிறார் என்று பெருமை பேசுவாயே, லீவு போட்டுக்கொண்டு அதைச் செய்துகாட்டட்டும். அவருடைய அம்மாவை வரச் சொன்னாலும் சரி, உன் அம்மாவுக்குப் பொறாமை வரும், அது வந்தால் பரவாயில்லை.

இன்னொன்று. உனக்கும் இந்தக் கர்ப்பத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று அம்மா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். என்னிடம் மறைத்தாய். ஏன் மறைத்தாய் என்று இப்போது எனக்கு விளக்கத் தேவையில்லை, மீட்டர் விளக்கிவிட்டது. எனக்குச் சொல்லாவிட்டால் போகிறது, அங்கே உன்னைப் பார்க்கிற டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல். அம்மாவுக்கு இப்படி வந்திருக்கிறது என்பதையும் சொல், உனக்கும் இதயத்தைப் பார்க்க வேண்டுமா என்று கேள். பிள்ளையைப் பார்க்கத்தான் மாதம் தவறாமல் படுக்கிறாயே, நாலு விரல் மேலே தள்ளி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இதை எழுதத் தொடங்கும்போது உனக்கு ஒரு பொய் சொல்லிக்கொடுக்கலாம் என்றிருந்தேன். விசா கிடைக்கவில்லை என்றோ, அங்கே ஆஸ்பத்திரியில் வெளி ஆட்களை விடமாட்டார்கள் என்றோ நீ சொன்னால், என் வாக்கும் நிற்கும், அவளும் வர மாட்டாள். பாதிக் கடிதம் வரை அந்த எண்ணம் இருந்தது. வேண்டாம். பொய் சொன்னால் அடுத்த மாதத்துக்கு என்று மறுபடி அரிசியைத் தூக்குவாள். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடம் பேசு. சுவர் தடித்திருக்கிறது, பின்னறை வீங்கியிருக்கிறது, நுரையீரலில் நீர் என்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டு. இது உனக்கு எப்படித் தெரியும் என்பாள். அப்பாதான் எழுதினார் என்று சொல். வாக்குக் கொடுத்துவிட்டு முதுகுக்குப் பின்னால் எழுதினான், கடைசி ஆசையையும் கெடுத்தான் என்று என்னைத் திட்டுவாள். பத்து நாள் இல்லை, பத்து மாதம் பேசாமல் இருப்பாள். திட்டட்டும், பேசாமல் இருக்கட்டும். அதற்கெல்லாம் அவள் இருக்க வேண்டும்.

நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, பிள்ளையும் நீயும் நீண்ட ஆயுளோடு இருக்க அப்பாவின் ஆசீர்வாதம். மாப்பிள்ளைக்கும் என் அன்பைச் சொல். கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே போன் செய், ஞாயிறு வரட்டும் என்று காத்திருக்காதே. அம்மாவுக்கு வாங்கிய விமான டிக்கெட்டை ரத்து செய்வதையும் நீயே செய்துவிடு. என் கையால் அதைச் செய்ய மாட்டேன்.

இப்படிக்கு,
உன் மேல் கோபம் தீராத
அப்பா